“வெளியே தெரியக் கூடாது” என்று சொல்லப்பட்டவர்களுக்கு: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பல வருடங்களாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். சில பெண்கள் ஆபீஸ் நேரத்தில் வருவதில்லை. குமாஸ்தா கிளம்பிவிட்டாரா என்று போனில் கேட்டுவிட்டு, இருட்டிய பிறகு வருவார்கள். பேச்சில் வரும் ஆள் பெரும்பாலும் கட்சிக்காரராக இருப்பார். ஒன்றியத்திலோ வட்டத்திலோ பதவி இருக்கும், அடுத்த தேர்தலில் சீட் கேட்கிற ஆசையும் இருக்கும். மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணோடு வைத்திருக்கும் உறவு வெளியே வந்தால் அதெல்லாம் போய்விடும் என்று பயந்து, மறைக்கிற வேலையைச் சுற்றியுள்ள எல்லோர் தலையிலும் கட்டிவிடுவார்.

மனைவி, அந்த இன்னொரு பெண், டிரைவர் என்று யார் வந்தாலும் கேள்விகள் ஒன்றுதான். அதனால் எழுதி வைத்தேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கீழே ‘புதிய சட்டம்’ என்று சொல்வது அதைத்தான்.

கல்யாணம் ஆனவரோட பழகுறேன். போலீஸ் என்னைப் பிடிச்சுட்டுப் போகுமா?

போகாது. முன்பு பழைய தண்டனைச் சட்டத்தில், கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய 497 என்று ஒரு பிரிவு இருந்தது. அதுவும் ஆணைத்தான் தண்டித்தது, அதுவும் அந்தப் பெண்ணின் கணவர் புகார் கொடுத்தால். 2018 செப்டம்பர் 27-ல் ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. அவருடைய மனைவி இதைக் காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம், அவ்வளவுதான். “உள்ளே தள்ளிடுவேன்” என்று யார் மிரட்டினாலும் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.

என்னை ‘வைப்பு’ன்னு சொல்றாக. கோர்ட்டுலயும் அப்படித்தான் எழுதுவாகளா?

எழுதக் கூடாது. 2010-ல் நம் தமிழ்நாட்டு வழக்கான வேலுசாமி எதிர் பச்சையம்மாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே ‘கீப்’ என்ற சொல்லைப் போட்டது, அதற்கு அப்போதே எதிர்ப்பு கிளம்பியது. 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் வெளியிட்ட கையேடு, இந்த மாதிரிச் சொற்களை மனுவிலும் தீர்ப்பிலும் தவிர்க்கச் சொல்கிறது. எதிர்த்தரப்பு மனுவில் அப்படி எழுதியிருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். நான் ஒவ்வொரு முறையும் ஆட்சேபிக்கிறேன்.

கோயில்ல வச்சுத் தாலி கட்டுனாக. அய்யர் இல்ல, நாலு பேரு மட்டும்தான். நான் அவுகளுக்குப் பொண்டாட்டிதானே?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு பெண் மஞ்சள் துணிப்பையிலிருந்து தாலியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். வெளியே கிளம்பும்போது கழற்றிவிடச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். ஆறு வருடம் வீட்டுக்குள் மட்டும் போட்ட தாலி. கயிறு நிறம் மாறாமல் புதிதாகவே இருந்தது.

பதில் கசப்பானது. அவருக்கு ஏற்கெனவே மனைவி உயிரோடு இருந்து விவாகரத்தும் ஆகவில்லை என்றால், 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி இரண்டாவது கல்யாணம் செல்லாது. ஆனால் அதனால் அவர் தப்பித்துவிட முடியாது. இரண்டாவது கல்யாணம் செய்வது புதிய சட்டத்தின் 82-வது பிரிவில் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. முதல் கல்யாணத்தை உங்களிடம் மறைத்திருந்தால் பத்து ஆண்டு வரை.

“அய்யர் இல்லை, அக்னி இல்லை, அது கல்யாணமே இல்லை” என்று அவர் வாதாடுவார். தமிழ்நாட்டில் அது எடுபடாது. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்காகச் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் நடந்ததாகத்தான் கணக்கு. 2001-ல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வைத்துத்தான் சப்தபதி (அக்னி முன்னால் ஏழு அடி வைக்கும் சடங்கு) தேவையில்லை என்று சொன்னது. ஆகவே அந்த நாலு பேர் யார், எந்த ஊர் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.

எங்க அய்யாவுக்கே ரெண்டு பேரு. ஊருல யாரும் தப்பாச் சொல்லலையே?

அந்தக் காலத்தில் சட்டம் தடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணம் தடை செய்யப்பட்டது 1949-ல். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் இருந்த கதைகளைப் பல வீட்டில் ஆச்சிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். யாரும் தப்பாகச் சொல்லவில்லை என்பதை அவர்கள் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நகரத்தார் கல்யாணம்னா கோயில் மாலை வரணும், இசைகுடிமானம் எழுதணும். அது இல்லாமப் பண்ணுனதுக்கு ஏன் பயப்படணும்?

நகரத்தாரின் குலக்கோயிலிலிருந்து வரும் மாலையும், கோயிலில் குடும்பங்களைப் பதியும் புள்ளிக் கணக்கும் சமூகத்தின் பதிவு. சட்டம் பார்ப்பது மேலே சொன்ன 7ஏ-வை. ஆனால் முதல் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டிய மனைவிக்கு, கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தமான இசைகுடிமானமும் மொய் ஏடும் நல்ல சான்று. பெட்டகத்தில் கிடந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

எனக்குச் செலவுக்குக் குடுக்கச் சொல்லிக் கேக்க முடியுமா?

அவருக்குக் கல்யாணம் ஆனது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? எல்லாம் அதில்தான் இருக்கிறது. மறைத்துக் கட்டியிருந்தால், ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை உங்களை மனைவியாகவே நடத்த வேண்டும் என்று 2013-ல் பாட்ஷா எதிர் ஊர்மிளா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெரிந்தே வாழ்ந்திருந்தால் கஷ்டம். அதே ஆண்டு இந்திரா சர்மா வழக்கில், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் சொல்லும் ‘திருமணம் போன்ற உறவு’ என்பதற்குள் இது வராது என்று தீர்ப்பானது. இப்படிப்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு தர நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். இருபது வருடம் ஒருவருக்குச் சோறாக்கிப் போட்டவருக்கு வெறுங்கை என்பது அநியாயம். அதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது.

பிள்ளைக்கு அப்பா பேரு போடக் கூடாதுன்னு சொல்றாக. ஸ்கூல்ல என்னன்னு எழுதுறது?

அப்பா பெயர் இல்லாமலும் பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். திருமணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குத் தனிக் காப்பாளர் ஆகலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது தாயின் விருப்பமாக இருக்க வேண்டும், அவருடைய தேர்தலுக்காக இருக்கக் கூடாது. பிறந்த ஆஸ்பத்திரியில் உண்மையான பெயரைக் கொடுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு. பிள்ளைக்கான செலவை எப்படியும் கேட்கலாம். செல்லும் கல்யாணமோ செல்லாத கல்யாணமோ, கல்யாணமே இல்லையோ, தந்தை கொடுத்தாக வேண்டும்.

“நான் அப்பனே இல்லை” என்று மறுத்தால் டி.என்.ஏ. சோதனை கேட்கலாம். உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் இரண்டுக்கும் முதல்வராக இருந்த என்.டி. திவாரிதான் தன் தந்தை என்று ரோஹித் சேகர் 2008-ல் வழக்குப் போட்டார். திவாரி உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார். 2012 மே மாதம், 86 வயதில், ரத்தம் கொடுத்தே ஆக வேண்டியதாயிற்று. ஜூலையில் முடிவு வந்தது: அவர்தான் தந்தை. 2014 மே மாதம் ரோஹித்தின் தாயையே திருமணம் செய்துகொண்டார். ஒன்று மட்டும் கவனம்: நீங்கள் இன்னொருவருக்குச் சட்டப்படி மனைவியாக இருக்கும்போது பிறந்த பிள்ளை என்றால், அது உங்கள் கணவரின் பிள்ளை என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் வழக்குப் போடும் முன் நேரில் பேச வேண்டும்.

சொத்துல பங்கு வருமா?

உங்களுக்கு வராது, பிள்ளைக்கு வரும். செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையும் சட்டப்படியான பிள்ளைதான். 2023 செப்டம்பர் 1-ல் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில், பெற்றோரின் சொந்தச் சொத்தில் மட்டுமல்ல, கூட்டுக் குடும்பச் சொத்தில் அந்தப் பெற்றோருக்குச் சேரும் பங்கிலும் உரிமை உண்டு என்று சொன்னார்கள். பெரியப்பா, சித்தப்பா பங்கில் கேட்க முடியாது. இதற்கெல்லாம் ஏதோ ஒரு முறையில் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். தாலியே கட்டவில்லை என்றால் உயிலோ தானப் பத்திரமோதான் வழி. மேலே நாலு சாட்சிகளின் பெயரை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

“எனக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்”னு முத்திரைத்தாள்ல கையெழுத்து வாங்கிட்டாக. எல்லாம் போச்சா?

போகவில்லை. பிள்ளையின் உரிமையைத் தாய் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாலும் நீதிமன்றம் அதை வைத்துக் கதவைச் சாத்துவதில்லை. மிரட்டி வாங்கியது தனிப் பிரச்சினை. எந்தத் தேதி, எந்த வீடு, யார் யார் இருந்தார்கள், யார் பேனா கொடுத்தார் என்பது வரை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேர்தல் அறிவித்த வாரத்தில்தான் இந்தத் தாள்கள் அதிகம் கையெழுத்தாகின்றன.

நான் அவுக பொண்டாட்டி. எலெக்‌ஷன் முடியுற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு எங்க மாமனார் சொல்றாக. பொறுத்துக்கிட்டா பின்னால கேக்க முடியாதா?

சும்மா இருந்தீர்கள் என்பதற்காக உரிமை போய்விடாது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 23-வது பிரிவு, தவறை மன்னித்து ஏற்றுக்கொண்ட பிறகு அதையே காரணமாகச் சொல்லி விவாகரத்து கேட்க விடாது. மேடையில் பக்கத்தில் நின்று ஆரத்தி எடுத்த போட்டோ, சேர்ந்து குலதெய்வம் கோயிலுக்குப் போன வீடியோ எல்லாவற்றையும் பின்னால் கொண்டுவந்து காட்டுவார்கள். அதனால் வெளியே பேசாமல் இருந்தாலும், நீங்கள் ஏற்கவில்லை என்பதற்கு எழுத்தில் ஒன்று இருக்கட்டும். அண்ணனுக்கு அனுப்பிய ஒரு மெசேஜ் போதும்.

வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னால் போகாதீர்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமையைக் குடும்ப வன்முறைச் சட்டம் தருகிறது. இரண்டாவது கல்யாணம் பற்றிய புகாரைப் பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க முடியும். மனைவிக்காக அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய உறவினரும் கொடுக்கலாம், எதிர்க்கட்சிக்காரர் கொடுக்க முடியாது. அதனால்தான் அவர் உங்கள் வாசலுக்கு வருவார், ரொம்பப் பரிவாகப் பேசுவார். அவருக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து. வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் அவர் போனை எடுப்பாரா என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணனுக்காக என் பேர்ல சிம் எடுத்துக் குடுத்துருக்கேன். லாட்ஜுலயும் என் ஆதார்தான். எனக்கு ஏதாச்சும் வருமா அக்கா?

வரும் தம்பி. கட்சித் தலைவரை உங்களைப் போலவே ‘அண்ணன்’ என்று சொல்லும் ஒரு டிரைவர் சொன்னதைக் கேளுங்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளமாகக் கிடக்கும். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய வீட்டின் சாவி பார்த்துக்கொள்கிறவரிடம் இருந்தது. ஒரு பழைய வீட்டில் விசேஷம் பேசப் போகிற மாதிரி, தலைவரின் கார் முகப்பில் நிற்கும். அவர் வளவு தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, அடுப்படி வழியாகப் பின்தெருவில் இறங்குவார். அங்கே இந்தப் பையன் பைக்கை இருட்டில் நிறுத்திக் காத்திருப்பான். மூன்று வருடம். தன் மகள் பிறந்த ராத்திரியும் அந்தப் பின்தெருவில்தான் நின்றிருக்கிறான்.

அந்த எண்ணிலிருந்து யாருக்காவது மிரட்டல் போனால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு. லாட்ஜ் பதிவேட்டில் இருப்பதும் உங்கள் பெயர். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்த்து, உங்களுடையது இல்லாததை நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஜான் எட்வர்ட்ஸ் அதிபர் வேட்பாளர் ஆக முயன்றபோது, அவருக்குப் பிறக்கப் போகும் பிள்ளையைத் தன்னுடையது என்று அவருடைய உதவியாளர் ஏற்றுக்கொண்டார். 2010 ஜனவரியில் எட்வர்ட்ஸே தான்தான் தந்தை என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்ணை மறைத்து வைக்கச் செலவான பணம் தேர்தல் நன்கொடைக் கணக்கில் வருமா என்று 2012-ல் குற்ற வழக்கே நடந்தது. ஒரு குற்றச்சாட்டில் விடுதலை, மற்றவற்றில் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. தலைவருக்காகப் பொய் சொன்ன உதவியாளர் சாட்சிக் கூண்டில் நாள் கணக்கில் குறுக்கு விசாரணைக்கு ஆளானார்.

வேட்புமனுவுல எங்க விவரம் எல்லாம் எழுதணுமா? வீட்டை என் பேர்லதான் வாங்கிருக்காக.

சட்டமன்றம், நாடாளுமன்றத் தேர்தலுக்கான படிவம் 26-ல் தன் சொத்து, மனைவி சொத்து, தன்னைச் சார்ந்து வாழ்பவர்களின் சொத்து மூன்றையும் எழுத வேண்டும். நீங்கள் சட்டப்படி மனைவி இல்லை, அதனால் உங்களை விட்டுவிடலாம். ஆனால் சொந்த வருமானம் இல்லாமல் அவரை நம்பி வாழும் பிள்ளை ‘சார்ந்து வாழ்பவர்’தான். தெரிந்தே மறைத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் பெயரில் வீடு இருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அவருடைய பணத்தில், அவருடைய உபயோகத்துக்கு, உங்கள் பெயரில் வாங்கியது என்றால் அது பினாமி. மனைவி பெயரில் வாங்குவதற்கு உள்ள விலக்கு உங்களுக்குக் கிடைக்காது. 2016-ல் கடுமையாக்கிய சட்டப்படி சொத்து அரசுக்குப் போகும், சிறையும் உண்டு. உண்மையிலேயே உங்களுக்குக் கொடுத்ததென்றால், அதை எழுத்தில் கேளுங்கள். அதில் அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் அந்த வீடு யாருக்காக வாங்கப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மெசேஜ், போட்டோ எல்லாத்தையும் அழிச்சுருன்னு சொல்றாக. அழிச்சுரவா?

வேண்டாம். போனை மாற்றவும் வேண்டாம். போனில் உள்ளது சான்றாக ஏற்கப்பட, சாட்சியச் சட்டப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அசல் போன் இருந்தால் அது சுலபம். ஒரு பெண் அவர் எண்ணை ‘கேஸ் (சிலிண்டர்) புக்கிங்’ என்று பதிந்து வைத்திருந்தார். அந்தப் பெயரை மாற்றாமல் அப்படியே விடச் சொன்னேன். எதற்காக மறைத்தார்கள் என்பதற்கு அதுவும் சான்றுதான்.

யாராவது உங்கள் படத்தை வைத்துப் பணம் கேட்டால், அவராகவே இருந்தாலும், பணம் கொடுக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். சம்மதத்துடன் எடுத்த படமாக இருந்தாலும் சம்மதமில்லாமல் பரப்புவது குற்றம்.

நான் கவுன்சிலர். ஒண்ணுமே இல்லாத இடத்துல எம்.எல்.ஏ.வோட சேத்துவச்சுப் பேசுறாக. என்ன பண்றது?

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் வந்த பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. சாலைக்கு நிதி வாங்கி வந்தால்கூட அதற்கு ஒரு கதை கட்டுகிறார்கள். ஆண் கவுன்சிலரைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. பதிவு வந்த பக்கம், தேதி, பரப்பியவரின் எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெண்ணின் மானத்துக்கு இழுக்காகப் பேசுவது புதிய சட்டம் 79-ல் வரும், மூன்று ஆண்டு வரை. அவதூறு 356-ல். பதவியை மட்டும் ராஜினாமா செய்யாதீர்கள். கதை கட்டியவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.

இது அவுக சொந்த விஷயம். பத்திரிகைக்காரங்களுக்கு என்ன வேலை?

பாதி சரி. 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றில் யாரும் தலையிடாமல் இருக்கும் உரிமை உண்டு என்றது. பதவியில் இருப்பவர் தன் பதவிக் கடமையில் செய்ததைப் பற்றி எழுதத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. காதலிப்பது சொந்த விஷயம்தான். அதை மறைக்க அரசு வண்டி, அரசு ஆள், டிரான்ஸ்பர் மிரட்டல் என்று வந்துவிட்டால் அது ஊர் விஷயம்.

பிரான்ஸ் அதிபர் மித்தரான் தன் மகளைப் பல வருடம் மறைத்து வைத்திருந்தார். 1994-ல் ஒரு பத்திரிகையில் படம் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்த ரகசியத்தைக் காக்கவும்தான் அவர் மாளிகையில் இருந்த ஒரு குழு எழுத்தாளர், பத்திரிகையாளர்களின் போன்களை ஒட்டுக் கேட்டது. அதில் இருந்தவர்களுக்கு 2005-ல் தண்டனை கிடைத்தது. என் கணக்கில் அந்த மகள் செய்தியே இல்லை, ஒட்டுக் கேட்டதுதான் செய்தி. பிள்ளையின் பெயரையும் படத்தையும் யார் போட்டாலும் நான் எதிர்ப்பேன்.

அவுக இறந்துட்டாக. முகம் பாக்கவாச்சும் விடுவாகளா? பிள்ளைக்கு வாரிசுச் சான்று கிடைக்குமா?

முகம் பார்க்கும் உரிமை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் தருவது. தகராறு என்று யாராவது ஆட்சேபித்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். அங்கே மேலே சொன்னதெல்லாம் வேண்டும்: பிறப்புச் சான்று, சாட்சிகள், போன், நோட்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் பேசலாம், அல்லது தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போகலாம்.

முகம் பார்ப்பதைக் கேட்டவர், அந்த மஞ்சள் பைப் பெண். முகப்பில் கண்ணாடிப் பெட்டி, மேலே கட்சிக் கொடி, வாசல் முழுக்கக் கரை வேட்டி. இவர் மகனோடு எதிர்வீட்டுத் திண்ணையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து வந்த ஓர் ஆச்சி, இறந்தவருக்குப் பெரியம்மா முறை, பையன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். அப்புறம் “வா அப்பு” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், யாரையும் கேட்காமல் மாலை போட வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பையனின் பாகப்பிரிவினை வழக்கு இப்போது நடக்கிறது. எண்பது வயதுக்கு மேல் ஆன அந்த ஆச்சி, சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார்.